மறுமொழி: ‘ஆங்கிலத் தன்னாட்சி’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்து தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொள்வதைக் குறிக்க, அரசியல் பாடநூல் மொழிபெயர்ப்புக்காக ஐயா கேட்ட சொல்லுக்கு மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

> ஆங்கிலத் தன்னாட்சி

மாணவர் இதைப் படித்தால் மொழியைத்தான் நினைப்பார். ஆங்கில வழிக் கல்வி, ஆங்கில நாளிதழ், ஆங்கில ஆசிரியர் என்று அந்தச் சொல்லை நாம் மொழிக்கே ஒதுக்கிவிட்டோம். 2015இல் பிரிட்டிஷ் மக்களவை கொண்டுவந்த ‘English votes for English laws’ என்ற நடைமுறையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பாருங்கள்: ‘ஆங்கிலச் சட்டங்களுக்கு ஆங்கில வாக்குகள்’. ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்துக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட வாக்குச்சீட்டு என்றல்லவா பொருள்படுகிறது?

> ஆங்கிலேயர் சுயாட்சி

இதற்கு என் மறுப்பு கடுமையானது. தமிழில் ஆங்கிலேயர் என்றால் கம்பெனியோடு வந்து நம்மை ஆண்டவர்கள் எல்லாரும்தான். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவையும் ஆங்கிலேயர் என்றே எழுதிவருகிறோம். அவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். இந்தப் பாடத்தின் உயிரே இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் உள்ள வேறுபாடு. அதை அழித்துவிடும் சொல்லை வைத்துக்கொண்டு பாடத்தை எப்படி நடத்துவது?

இன்னொன்றும் உண்டு. இங்கே பேசப்படுவது ஓர் இனத்தின் ஆட்சி அன்று, ஒரு நிலப்பகுதியின் ஆட்சி. லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத் தமிழரை யாரும் ஆங்கிலேயர் என்று சொல்வதில்லை. ஆனால் இங்கிலாந்தின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இயற்றப்படும் சட்டம் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். அவரை வெளியே நிறுத்தும் சொல்லைப் பாடநூலில் ஏற்றக் கூடாது.

> இங்கிலாந்துத் தன்னாட்சி

என் வாக்கு இதற்கே. ஆனால் இந்தச் சொல் நிற்க வேண்டுமானால் முதலில் நம் பழக்கம் ஒன்று மாற வேண்டும். தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘இங்கிலாந்துப் பிரதமர்’, ‘இங்கிலாந்து மன்னர்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். அப்படி ஒரு பதவியே கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்த அரசை இலங்கைத் தமிழர்கள் ‘ஐக்கிய இராச்சியம்’ என்று எழுதிப் பழகியிருக்கிறார்கள். இந்த இடத்தில் அவர்களைப் பின்பற்றுவதே நல்லது. நாம் இதில் கவனமாக இல்லாவிட்டால், ‘இங்கிலாந்துக்கு நாடாளுமன்றம் இல்லை’ என்ற வாக்கியத்தை அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். உண்மையோ அதுதான். 1999 முதல் ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றமும் வேல்ஸுக்குப் பேரவையும் (2020 முதல் அதன் பெயரும் நாடாளுமன்றம்) இயங்குகின்றன. வட அயர்லாந்துக்கு 1998 அமைதி ஒப்பந்தத்தின் வழியே பேரவை கிடைத்தது. இங்கிலாந்துக்குத் தனியாக எதுவும் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டரே, அதாவது லண்டனிலுள்ள ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றமே, அதற்கும் சட்டம் இயற்றுகிறது. அங்குள்ள 650 இடங்களில் இங்கிலாந்துக்கு 543. (நம் மக்களவையின் இடங்களும் அத்தனையே என்பதால் மாணவர்களுக்கு எண் மறக்காது.)

இவ்வளவு இடங்கள் இருந்தும் குறை ஏன் என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். 2004 ஜனவரியில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டண மசோதா பிரிட்டிஷ் மக்களவையில் 5 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. தூக்கிவிட்டவை ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி உறுப்பினர்களின் வாக்குகள். அவர்கள் தொகுதி மாணவர்களின் கட்டணத்தை முடிவு செய்வதோ எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். இதே முரணை 1977இலேயே டாம் டேலியல் சுட்டிக்காட்டினார். அவரும் ஸ்காட்லாந்து உறுப்பினர்தான். அவர் தொகுதியின் பெயரால் ‘மேற்கு லோதியன் வினா’ என்கிறார்கள். இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், தமிழாக்க வேண்டியதில்லை.

2015 நடைமுறைக்கு ‘தன்னாட்சி’ என்ற சொல்லைத் தொடவே கூடாது. இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது என்று சபாநாயகர் சான்றளித்த மசோதாவை, இங்கிலாந்து உறுப்பினர்கள் தடுக்க முடிந்தது. தாங்களாக ஒரு சட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை. ஆகவே ‘இங்கிலாந்துத் தடுப்பு வாக்கு’ என்று பரிந்துரைக்கிறேன். 2021 ஜூலையில் அதையும் நீக்கிவிட்டார்கள்.

பல தேசங்கள் சேர்ந்து அமைந்த அரசைக் குறிக்க ‘பன்னாட்டு அரசு’ வேண்டாம். பன்னாட்டு நிறுவனம் நினைவுக்கு வரும். ‘பல்தேசிய அரசு’ போதும்.

மைய நாடாளுமன்றம் தன் அதிகாரத்தைப் பகுதிகளுக்குத் தருவதைக் (devolution) குறிக்கும் ‘அதிகாரப் பகிர்வு’ பற்றி ஒரு சொல். பகிர்வு என்றால் நமக்குப் பாகப்பிரிவினை: அவரவர் பங்குக்கு அவரவர் பெயரில் பத்திரம். ஸ்காட்லாந்துக்கு அப்படிப் பத்திரம் எழுதித் தரவில்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை அமைத்த 1998 சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின் அதிகாரம் இதனால் பாதிக்கப்படாது என்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பட்டாவைத் தம் பெயரிலேயே வைத்திருப்பது போன்றது இது. ‘அதிகார ஒப்படைவு’ என்றால் உரியவர் வேறு, கையில் வைத்திருப்பவர் வேறு என்பது விளங்குகிறது. கீழ்நிலை அலுவலருக்குத் தரும் அதிகாரத்துக்கும் இதே சொல் ஆளப்படுகிறது என்பது குறைதான். அதற்கு ‘பணி ஒப்படைவு’ என்று வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தனிச்சொல்லாக அனுப்ப வேண்டாம். கீழுள்ள வாக்கியத்தில் உங்கள் சொற்களை வைத்து, சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்:

‘ஐக்கிய இராச்சியத்தில் அதிகார ஒப்படைவு மூன்று நாடுகளுக்குக் கிடைத்தது, இங்கிலாந்துத் தன்னாட்சி இன்னும் விவாதத்திலேயே இருக்கிறது.’

அன்புடன்.