இடப்பக்க வளைவில் ஷூ நுனி ரோட்டில் உரசுகிறது, காலை எப்படி வைப்பது?

ஏர்வாடி125: தினமும் ஏர்வாடியிலிருந்து சாயல்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேலைக்குப் போகிறேன். 125 சிசி வண்டி. நேற்று ஓர் இடப்பக்க வளைவில் இடது ஷூ ரோட்டில் உரசி, கால் பின்னால் இழுபட்டது. விழவில்லை. கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்து உள்துணி தெரிகிறது. ஃபுட்ரெஸ்ட் உரசவே இல்லை. அதிகம் சாய்த்துவிட்டேனா?

மண்டபம்வாசி: இல்லை தம்பி, வண்டி அளவாகத்தான் சாய்ந்திருக்கிறது. நடுப்பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, விரல்களைக் கியர் லீவருக்கு அடியில் கொடுத்திருந்தீர்களா?

ஏர்வாடி125: ஆமாம் அண்ணே. வளைவு முடிந்ததும் கியர் ஏற்ற வசதியாக இருக்கும் என்று எப்போதும் அப்படித்தான்.

மண்டபம்வாசி: அங்கேதான் தப்பு. அப்படி வைத்தால் விரல் ஃபுட்ரெஸ்ட்டைவிடத் தாழ்ந்து நிற்கும், சாயும்போது அதுதான் முதலில் ரோட்டைத் தொடும். ரோட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவே பாதம் மாட்டினால் கணுக்கால் முறியக்கூடும், தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். அப்புறம் காலைப் பின்னால் இழுத்து, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பகுதியை ஃபுட்ரெஸ்ட்டில் பதியுங்கள். விரல்கள் வெளியே விரியாமல் நேராக இருக்கட்டும். வலது முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் கைப்பிடியில் தொங்க வேண்டியிருக்காது.

ஏர்வாடி125: காலையில் செய்து பார்த்தேன். குதிகால் பின் லீவரில் பட்டுக் கியர் மாறிவிட்டது!

ராம்நாடுமெக்கானிக்: முன்னும் பின்னும் மிதிக்கிற லீவரா? குதிகாலைச் சற்றுத் தூக்கியே வையுங்கள். அப்படியும் இடித்தால், லீவரைக் கழற்றி ஷாஃப்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். மாட்டியதும் எல்லா கியரும் சரியாக விழுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங்கையும் பாருங்கள், அது தொய்ந்தால் இடப்பக்க வளைவில் ஸ்டாண்டே ரோட்டில் குத்தும்.

தீவுக்காரன்: வலது காலையும் மறக்க வேண்டாம். அரிச்சல்முனை ரவுண்டானாவைச் சுற்றும்போது வண்டி வலப்பக்கம் சாயும், ரோட்டில் மணலும் கிடக்கும். விரல் பிரேக் பெடல் மேலேயே இருந்தால், பயத்தில் தன்னை அறியாமல் மிதித்துவிடுவோம். பின்சக்கரம் வழுக்கிவிடும். எனக்கு நடந்திருக்கிறது, முழங்கையில் தழும்பு இருக்கிறது. மணலைப் பார்த்ததும் காலை நீட்டி ஊன்றப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வேகத்தில் ஒற்றைக் கால் வண்டியைத் தாங்காது. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கத் திரும்புங்கள்.

ஏர்வாடி125: லீவரை ஒரு பல் தள்ளி மாட்டியாயிற்று. இரண்டு நாளாக அதே வளைவில் உரசவில்லை. ஆனால் வலது விரல் இன்னும் பழக்கத்தில் பிரேக் மேலேயே போய் நிற்கிறது அண்ணே, வளைவுக்கு வளைவு ஞாபகப்படுத்தி இழுத்துக்கொண்டிருக்கிறேன்.