ராடார் படத்தில் காற்று லேசு, கரையில் வள்ளம் கவிழ்ந்தது: எங்கே தப்பு?

முட்டம்கரை:
மெட்ஆப் செயற்கைக்கோளில் உள்ள அஸ்காட் என்ற ராடாரின் காற்றுத் தரவை இறக்கி வரைந்து பார்க்கிறேன். போன ஆனியில் கச்சான் (மேற்குக் காற்று) அடித்த நாளை வரைந்தால், காற்று கிழக்கிலிருந்து வருவதாகக் காட்டுகிறது. கரையை ஒட்டிய கட்டங்கள் காலி. அதெல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வள்ளம் கரையேறும்போது கவிழ்ந்து, அவருக்குத் தோள் நழுவிவிட்டது. அன்றைய படத்தில் காற்று விநாடிக்கு 4 மீட்டர்தான். தென்னை ஓலைகூடப் பெரிதாக ஆடவில்லை. அப்புறம் அந்த அலை எங்கிருந்து வந்தது?

அலைக்கணக்கு:
அந்தக் கோப்பில் திசை என்பது காற்று போகும் பக்கம். வானிலைக்காரர்கள் வரும் பக்கத்தைச் சொல்வார்கள். 180 பாகை திருப்பினால் கச்சான் கச்சானாகவே தெரியும். கரையோரத்தில் நிலத்தின் எதிரொலி கலந்துவிடும் என்பதால் கழித்துவிடுகிறார்கள்.

வள்ளம் விஷயத்தில் தரவு தப்பில்லை தம்பி. அஸ்காட் பார்ப்பது சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகளை. அங்கே அடிக்கும் காற்றுதான் அவற்றை எழுப்புகிறது. தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலையை அது அளப்பதே இல்லை. அதற்கு ஆல்டிமீட்டர் என்ற செயற்கைக்கோள் ராடார் வேண்டும். நேர்கீழே துடிப்பை அனுப்பும். முகட்டில் பட்டது முந்தியும் பள்ளத்தில் பட்டது பிந்தியும் திரும்பும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து அலை உயரத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் ஒரு கோட்டில்தான் அளக்கும். ஆல்டிமீட்டர் சுமந்த ஜேசன்-3 செயற்கைக்கோள் அதே கோட்டுக்குத் திரும்பவே சுமார் 10 நாள் ஆனது. அலையின் திசையும் அதில் கிடைக்காது. அதற்காகவே 2018-இல் ஏவிய சிஎஃப்ஓசாட் செயற்கைக்கோளில் ஸ்விம் என்ற ராடாரை வைத்தார்கள்.

குளச்சல் பெரியவர்:
மக்கா, காத்து இல்லாம கடல் ஏறினா அது கள்ளக்கடல், தூரத்துப் புயல்ல பிறந்து வாற அலை. மச்சானுக்கு வலி குறைஞ்சுதா? பாறையில நின்னு அடுத்தடுத்து 10 அலைய போன்ல எண்ணிப் பாரு.

முட்டம்கரை:
வலி குறைந்திருக்கிறது ஐயா. ஞாயிறன்று எடுத்த வீடியோவில் எண்ணினேன். 10 அலைக்கு 2 நிமிடம் 40 விநாடி.

அலைக்கணக்கு:
அப்படியானால் ஓர் அலைக்கு 16 விநாடி. ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 400 மீட்டர். அலைக்கூட்டம் நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகரும். ஐந்தாறு நாள் பின்னால் போய், தெற்கு 40 பாகைக்கும் கீழே உள்ள கடலை அதே அஸ்காட்டில் வரைந்து பாருங்கள்.

முட்டம்கரை:
பார்த்தேன் அண்ணே. செவ்வாய்க்கிழமைப் படத்தில் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஒரு பெரிய திட்டு. இனி இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் மையம்) முன்னறிவிப்பில் அலை உயரத்தோடு, அலைக்காலத்தையும் (ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம்) பார்த்து மச்சானுக்குப் போன் போடுகிறேன்.