செல்வம் இல்லாத பேட்மேன், தீவு இல்லாத டயானா: எது மெய்யான மறுபடைப்பு?

ஓவியப்பித்தன்:
நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான டிசி, தன் பழைய நாயகர்களைப் புதிதாக மறுபடைக்க 2024 அக்டோபரில் தொடங்கிய அப்சல்யூட் வரிசையின் பேட்மேன் இதழ்களை முதலிலிருந்து மறுபடி படித்தேன். ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் ட்ரகோட்டா வரையும் இத்தொடரில், பேட்மேனாக வேடமிடும் புரூஸுக்குப் பழைய கதைகளில் இருந்த மாளிகையும் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. பள்ளி ஆசிரியரான அவருடைய தந்தை, மாணவர்களை அழைத்துச் சென்ற விலங்குக்காட்சி சாலையிலேயே துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாகிறார். தாய் மார்த்தா உயிரோடு இருக்கிறார். பழைய கதைகளில் வீட்டுப் பணியாளரான ஆல்பிரட்கூட இங்கே பணியாளர் அல்லர், பிரிட்டிஷ் உளவாளி. பணக்காரன் ஏழைகளை அடிக்கும் கதை என்று 1939-இல் பிறந்த இப்பாத்திரத்தின் மீது நெடுநாளாகச் சொல்லப்பட்ட குறைக்கு, இதைவிட நேர்மையான பதில் வந்ததில்லை என்பேன்.

இரவல்வாசகி:
நண்பரே, என்னால் உடன்பட இயலவில்லை. பணத்தை எடுத்த கையோடு, அதற்கு ஈடாக மலை போன்ற உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். மார்பிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடரி, முகமூடியின் காதுகளை உருவினால் கத்திகள். இல்லாமை எங்கே உறைக்கிறது?

கெல்லி தாம்சன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரையும் அப்சல்யூட் வொண்டர் வுமனைப் பாருங்கள். வீரப்பெண்களான அமேசான்களின் தீவில் வளர்ந்து வொண்டர் வுமன் ஆக வேண்டிய டயானா, இங்கே நரகத்தில், சூனியக்காரி சர்சியின் கையில் வளர்கிறாள். அவளுடைய குலத்தின் பெயரைச் சொல்வதற்கே தடை இருக்கிறது. எலும்புக்கூடாய்ப் பறக்கும் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை மீது ஏறி வருகிற அவளிடம் சினத்தை எதிர்பார்க்கிற நமக்குக் கிடைப்பது பரிவு. நரகத்தில் சிக்கிய படைவீரர் ஸ்டீவ் ட்ரெவரை அங்கிருந்து மீட்டு அனுப்பத் தன் கையையே காவு கொடுக்கிறாள். எல்லாவற்றையும் பறித்த பிறகும் எது மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 2025-இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் என்ற சித்திரக்கதை விருது அத்தொடருக்குக் கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

ஓவியப்பித்தன்:
டயானாவின் தொடர் உயர்ந்தது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் புரூஸ் நகரின் கட்டுமானங்களை அறிந்த பொறியாளர் என்பதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். அவருடைய வண்டி வழுவழுப்பான பந்தயக் கார் அன்று. ராட்சத டிப்பர் லாரியைப் போன்றது. சுரங்கத்திலும் சாலைப் பணியிலும் ஓடுகிற வண்டியின் சாயல் அதற்கு வாய்த்திருப்பது தற்செயல் ஆகாது. உழைப்பாளியின் கருவிகளே அவனுக்கு ஆயுதமாகின்றன.

இரவல்வாசகி:
லாரியைப் பற்றிய விளக்கத்தை மனமார ஏற்கிறேன். அந்தக் கோணத்தில் நான் படிக்கவில்லை. எனினும், டயானா எதை இழந்தாள் என்பது அவளுடைய கையைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. புரூஸின் இழப்பு எந்தக் கட்டத்தில் அப்படித் தெரிகிறது?

ஓவியப்பித்தன்:
மார்த்தா வரும் கட்டங்களில். பழைய பேட்மேனுக்கு வீட்டில் காத்திருக்கும் தாய் இல்லை, இவனுக்கு இருக்கிறார். காயத்தோடு திரும்பும் மகனாக, அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டிய நிலை பழைய பேட்மேனுக்கு இல்லை.