எம்சிஏ ப்ராஜெக்ட்: திறந்த மூல மென்பொருளில் எந்தக் கேள்வியை எடுக்கலாம்?

கவிதா_எம்சிஏ:
வணக்கம். எனக்கு இது கடைசி செமஸ்டர். "திறந்த மூல மென்பொருளின் வெற்றிக் காரணிகள்" என்று தலைப்புக் கொடுத்தேன். "எது வெற்றி, யாருக்கு வெற்றி?" என்று கேட்டு ஜீரோத் ரெவ்யூவிலேயே திருப்பிவிட்டார்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஆயிரம் ப்ராஜெக்ட் எடுத்து நட்சத்திர (விருப்பக்குறி) எண்ணிக்கையையும் கமிட் (நிரலில் பதிவான மாற்றம்) எண்ணிக்கையையும் ஒப்பிடலாம் என்று நினைத்தேன். கைடு சர்வே எடுக்கச் சொல்கிறார். கமிட்டுகளில் இருக்கும் மின்னஞ்சல்களுக்கெல்லாம் கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா? பைத்தான் ஓரளவு வரும். பொங்கல் லீவு முடிந்ததும் ஃபர்ஸ்ட் ரெவ்யூ.

பழைய_பெங்குயின்:
ஆயிரத்தை விடுங்கள், ஒன்றை எடுங்கள். நட்சத்திரம் யாரோ போகிற போக்கில் சொடுக்கியது. ப்ராஜெக்ட் செத்தாலும் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். கமிட் கணக்கில் வேறு ஓட்டை: கிட் லாகில் (மாற்றங்களின் பதிவேட்டில்) ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். திருத்தம் அனுப்பி, பதில் வராமல் சலித்துப்போனவர்களுக்கு அங்கே சுவடே கிடையாது. ஆராய வேண்டியது அவர்களைத்தான் என்பேன்.

அதனால் லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுங்கள். ஓபன்ஆபீஸிலிருந்து 2010 செப்டம்பரில் பிரிந்தது. புதியவர்களுக்கென்றே எளிய வேலைகளை பக்ஸில்லா என்ற பிழைப் பதிவுத் தளத்தில் தனியாகக் குறித்து வைப்பார்கள். அவர்கள் அனுப்பும் திருத்தங்கள் கெரிட் என்ற மதிப்பாய்வுத் தளம் வழியாகப் போகும். கைவிடப்பட்டவையும் அங்கே பொதுவில் கிடக்கும். கேள்வி இது: முதல் திருத்தம் அனுப்பியவருக்கு ஒரு மனிதரின் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது, அவர் இரண்டாவது திருத்தம் அனுப்பினாரா?

"மனிதரின்" என்பதை மறக்காதீர்கள். திருத்தங்களைச் சோதிக்கும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் தானாகப் பதில் போடும். அதை வடிகட்டாவிட்டால் எல்லாருக்கும் உடனடிப் பதில் கிடைத்ததாகக் கணக்கு அழகாக வரும், ஒன்றுக்கும் உதவாது. அப்புறம், கெரிட் ஏபிஐ (நிரல் வழியாகத் தரவு கேட்கும் வழி) தரும் ஜேசன் வடிவத் தரவின் முதல் வரியில் )]}' என்று நான்கு குறிகள் இருக்கும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்தது. வெட்டிவிட்டுப் படியுங்கள்.

இன்னொன்று: கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற திறந்த மூலப் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் மாணவர்கள் திரண்டு வருவார்கள், தேர்வாகாவிட்டால் பலர் காணாமல் போவார்கள். பதில் தாமதமானதால் போகிறவர்கள் அல்ல அவர்கள். திருத்தம் வந்த மாதத்தையும் ஒரு மாறியாக வையுங்கள்.

தென்றல்_நிரல்:
பெங்குயின் சொன்ன கேள்வி நல்லது, ஆனால் கைடு சொல்வதையும் ஒதுக்காதீர்கள். ஏன் திரும்பி வரவில்லை என்பதை எந்த ஏபிஐயும் சொல்லாது. ஆனால் கமிட்டில் கிடைத்த முகவரிக்கெல்லாம் மொத்தமாக ஃபார்ம் அனுப்புவது வேண்டவே வேண்டாம். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிழை வைத்த திருத்தங்களை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அனுப்பிப் பார்த்த கதை தெரியுமல்லவா? 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே நிறுத்தினார், ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. உங்களுடையது அவ்வளவு மோசமில்லை, சரி. ஆனாலும் சொந்த நேரத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமலே சோதனைப் பொருளாக்கினால் கோபம்தான் வரும். டெவலப்பர் மடற்குழுவில் நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று எழுதி, முன்வரும் ஐந்தாறு பேரிடம் பேசுங்கள். அறிக்கையில் பெயர் போடாதீர்கள்.

கவிதா_எம்சிஏ:
இருவருக்கும் நன்றி. கைடிடம் சொன்னேன், பேட்டியும் இருப்பதால் ஒத்துக்கொண்டார். ஒரு சந்தேகம்: போன மாதம்தான் முதல் திருத்தம் அனுப்பியவரைத் "திரும்பவில்லை" என்று எப்படி எழுதுவது?

பழைய_பெங்குயின்:
எழுதக் கூடாது. எல்லாருக்கும் ஒரே காலக்கெடு, ஓராண்டு, வையுங்கள். முதல் திருத்தம் அனுப்பி ஓராண்டு ஆகாதவர்களை விட்டுவிடுங்கள். விட மனமில்லை என்றால் கப்லான்-மேயர் வளைவு (முடிவு இன்னும் தெரியாதவர்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறை) இதற்கென்றே இருக்கிறது, பைத்தானில் லைஃப்லைன்ஸ் தொகுப்பு போதும். வைவாவில் எக்ஸ்டர்னல் வேறொன்று கேட்பார்: சின்னத் திருத்தத்துக்குச் சீக்கிரம் பதில் வருவது இயல்புதானே என்று. எத்தனை வரி மாறியது என்பதையும் இப்போதே சேர்த்து இறக்குங்கள், பிறகு மறுபடி முதலிலிருந்து தரவு எடுக்க நேரம் இருக்காது.