கராஜில நிக்கிற சிஎக்ஸ்

நிரு: பெரியம்மா வீட்டுச் சாவி வெள்ளிக்கிழமை குடுக்கோணும். கராஜ் இன்னும் ஒதுக்கேல்ல. பெரியப்பான்ர அந்த மோட்டார்சைக்கிளை ஆர் எடுக்கிறீங்கள்?

பவி: ஸ்கிராப்காரனுக்குக் கோல் அடிப்பமா

சுகந்தி மாமி: அடி

குகன் சித்தப்பா: ஒருத்தரும் அடிக்க வேண்டாம். உது 1981 ஹொண்டா சிஎக்ஸ் 500. 497 சிசி. ரெண்டு சிலிண்டரும் 80 பாகையில விரிஞ்சு பக்கத்துக்கு ஒண்டா நீட்டிக்கொண்டு நிக்கும். காபரேற்றர் முழங்காலில இடிக்காம இருக்கத்தான் ஹெட்டை 22 பாகை திருப்பி வச்சவங்கள். எஞ்சினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு வண்டியின்ர நீட்டுவாட்டில கிடக்கிறதால அக்சிலேற்றர் முறுக்கேக்க வண்டி ஒரு பக்கம் சாயப் பாக்கும். அதைக் குறைக்கக் கிளச்சை எதிர்ப்பக்கம் சுத்த விட்டவங்கள். செயினே இல்லை, பின்சில்லைச் சுத்துறது ஷாஃப்ற் தண்டு. காத்தில ஆறுற எஞ்சின் இல்லை, ரேடியேற்றர் இருக்கு.

பவி: வாசிச்சு முடியேல்ல சித்தப்பா

வசந்தன்: கீழ பச்சையாத் தண்ணி ஒழுகுது. எஞ்சின் முடிஞ்சுது போல

குகன் சித்தப்பா: முடியேல்ல. எஞ்சினுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பார். தண்ணிப் பம்ப் சீல் தேஞ்சா ஒயிலுக்க கலக்காம அதால சொட்டட்டும் எண்டு வச்சது. சீல் சின்னச் சாமான். ஆனா பின்மூடி கழட்ட எஞ்சினை இறக்கோணும்.

சுகந்தி மாமி: ஆர் இறக்கிறது? உன்ர முதுகோ?

குகன் சித்தப்பா: எண்பதுகளில லண்டன் கூரியர் பெடியள் உதைத்தான் தேடி வாங்கினவங்கள். பெரியண்ணா மழையிலயும் உதில பார்சல் குடுத்த காசிலதான் சிவாவை, ஆக்களை வெளிநாட்டுக்கு எடுக்கிற ஏஜென்சி பிடிச்சுக் கூப்பிட்டது.

சுகந்தி மாமி: ஏஜென்சிக்குப் போனது என்ர சங்கிலி

சுகந்தி மாமி: திரும்பி வரேக்க ரெண்டு பவுண் குறைவு

சிவா சித்தப்பா: வேலையில நிக்கிறன். பிறகு கதைக்கிறன்

பெரியம்மா: (குரல் பதிவு 0:41)

பவி: பஸ்ஸில நிக்கிறன், என்ன சொல்லுறா?

நிரு: விக்க வேண்டாமாம். வச்சிருக்கவும் வேண்டாமாம்

வசந்தன்: பழைய வண்டிக்கு லண்டனில அறவிடுற யூலெஸ் காசு கட்டோணுமே?

குகன் சித்தப்பா: 40 வருசம் தாண்டினது. ஹிஸ்ரோரிக் எண்டு பதிஞ்சா ரோட் ரக்ஸும் இல்லை, யூலெஸும் இல்லை. வருசாவருசம் செய்யிற எம்ஓரி சோதினையும் தேவையில்லை. முதல் வண்டிப் பதிவுப் பத்திரத்தை, லொக்புக்கைத் தேடுங்கோ.

நிரு: அது பெரியப்பான்ர பேரில. எங்க கிடக்கோ தெரியாது

சுகந்தி மாமி: சாமியறை மேல்தட்டு சூட்கேசுக்க பார். பக்கத்தில என்ர இடியப்ப உரல் கிடக்கும், மச்சாள் வாங்கிக்கொண்டு போனது

பவி: திவசத்துக்கு ரோல்ஸ் ஓடர் குடுத்தாச்சா?

சுகந்தி மாமி: திவசத்துக்கு ரோல்ஸோ! மரக்கறி, பிள்ளை

பவி: மரக்கறி ரோல்ஸ்தான் மாமி

குகன் சித்தப்பா: வியாழன் பின்னேரம் நான் வாறன். வசந்தன், வானைக் கொண்டு வா.

வசந்தன்: வான் இருக்கு. எங்க இறக்கிறது?

குகன் சித்தப்பா: உன்ர கராஜிலதான்

வசந்தன்: மனிசியிட்ட கேட்டுச் சொல்லுறன்

சுகந்தி மாமி: அவள் ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் உரலை ஏத்து