விறகுக்குப் போகவிருந்த சாய்வு நாற்காலி

எங்கள் தெருவில் ஓர் ஓட்டு வீட்டை இடித்தபோது, உடைந்த செங்கல்லோடு சேர்த்து இந்தச் சாய்வு நாற்காலியையும் லாரியில் ஏற்ற இருந்தார்கள். பிரம்பு முழுக்க அறுந்து தொங்கியது. "விறகுக்குத்தான் ஆகும், வேணும்னா எடுத்துக்குங்க" என்றார் மேஸ்திரி. அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வந்தோம். யாரோ உட்கார்ந்தது நமக்கெதற்கு என்று அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கழுவியதும் தேக்கு என்று தெரிந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. கரையான் ஓரிடத்திலும் தொட்டிருக்கவில்லை. போனது பிரம்பு மட்டும்தான். சட்டத்தைச் சுற்றித் துளை போட்டிருப்பதே, அறுந்தால் புதிதாகப் பின்னிக்கொள்ளத்தானே! இது தெரியாமல் எத்தனை நல்ல நாற்காலிகள் அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

பின்னித் தந்தவர் பார்வையற்றவர். பள்ளியிலேயே கற்ற தொழில் என்றார். ஊறவைத்த பிரம்பை நெடுக்கே, குறுக்கே, மறுபடியும் நெடுக்கே, குறுக்கே, அப்புறம் மூலைவாக்கில் இரண்டு பக்கமும் என்று இழுத்தார். விரல் நுனியே துளையைக் கண்டுபிடித்தது. எண்கோணக் கண்கள் வரிசையாக விழுவதை அப்பா பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்து பார்த்தார். காய்ந்தால்தான் பிரம்பு இறுகும், அதுவரை யாரும் உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வலது கைப்பலகையில் டம்ளர் வைத்த வட்டக் கறைகள் இருந்தன. பாலிஷ் போட வந்தவர் தேய்க்கப் போனபோது அப்பா விடவில்லை. "அந்த வீட்டுப் பெரியவரோடது, இருக்கட்டும்" என்றார். அப்புறம் அவருடைய காபி டம்ளரும் அதே இடத்தில்தான். இன்று அப்பா இல்லை. எந்த வட்டம் யாருடையது என்று எனக்குத் தெரியாது, நான் எதையும் துடைப்பதும் இல்லை.

இப்போது பின்னல் தொய்கிறது. கேட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் பட்டை போடலாம் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. மதுரைப் பக்கம் அசல் பிரம்பு பின்னுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

*

உங்கள் சாய்வு நாற்காலிக் கடிதத்தைப் படித்தேன். எங்கள் வீட்டில் அப்படித் தப்பியது பத்தாயம். நெல் கொட்டுவது நின்றதும் பலகையாகப் பிரித்து விற்கப் பார்த்தார் சித்தப்பா. ஆத்தா குறுக்கே நின்றுவிட்டார். இன்று அதில் கம்பளியும் ஜமுக்காளமும் இருக்கின்றன. நெல் தள்ளும் கீழ்க்கதவைப் பேரப்பிள்ளைகள் திறந்து திறந்து மூடுகிறார்கள்.

உங்கள் பின்னல் அறுபடவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கமாக ஒற்றி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஓரளவு இறுகிவிடும்.