50 காசு கொடுத்து தட்டு கழுவச் சொன்னா அது லஞ்சமா?

சிப்புட் அம்மா, இரவு 8.10
நேத்து நம்ம தாமான் குடியிருப்பு குழுவுல பழைய டிவிஷன் அண்ணே ஒன்னு எழுதியிருந்தாரு. ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு, அடங்காத துடிப்பு இருக்கிற பிள்ளைக்கு வீட்டு வேலை செய்ய காசு கொடுக்கிறது லஞ்சமாம், அந்த காலத்துல ரப்பர் தோட்டத்துல 7 வயசு பிள்ளைங்க விடிகாலையில பால் வடியிற மங்கு துடைச்சுதாம், ஒருத்தருக்கும் ஏடிஎச்டி இல்லையாம். பேரு போடல. ஆனா 50 காசுனு போட்டாரு. 50 காசு கொடுக்கிறவ நான்தான்னு இந்த சுங்கை சிப்புட் தாமான்ல எல்லாருக்கும் தெரியும், அதனால எல்லாரும் படிக்க இங்கயே பதில் சொல்றேன். என் மகனுக்கு 10 வயசு. "சமையக்கட்ட சுத்தம் பண்ணு"னு சொன்னா குழாய தொறந்துட்டு தண்ணி ஓடுறத பாத்துக்கிட்டே நிப்பான், திமிரு இல்ல, எதுல ஆரம்பிக்கிறதுனு அவனுக்கு பிடிபடாது. அதே பையன்கிட்ட பக்கத்துல நின்னு "இந்த 4 தட்டு மட்டும் கழுவி கூடையில கவுத்து"ன்னா செஞ்சிடுவான். செஞ்ச உடனே மைலோ டின்னுல 50 காசு விழும். ராத்திரி இல்ல, சனிக்கிழமை இல்ல, அப்பவே. இதுல லஞ்சம் எங்க இருக்கு?

பழைய டிவிஷன், 8.31
தங்கச்சி, நான் உன் பேர சொல்லல. ஆனா நீயே கேட்டதால சொல்றேன், தன் வீட்டுல தான் சாப்பிட்ட தட்ட கழுவ காசு வாங்குனா அதுக்கு பேரு லஞ்சம்தான். நான் எங்கம்மாகூட இருட்டுல போயி மங்கு துடைச்சு காஞ்சு ஒட்டுன ஒட்டுப்பால் உரிச்சு கூடையில போட்டுட்டு, லயத்து வீட்டுக்கு வந்து குளிச்சு பள்ளிக்கூடம் போனவன். எனக்கு யாரு 50 காசு கொடுத்தா?

நைட் ஷிப்ட் அப்பா, 8.36
அண்ணே அந்த ஒட்டுப்பால எடை போட்டு காசு கொடுத்தாங்கதானே? உங்கம்மா வாங்கலயா?

பழைய டிவிஷன், 8.38
அது கூலி தம்பி. கூலி வேற லஞ்சம் வேற.

நைட் ஷிப்ட் அப்பா, 8.39
தோட்டத்து கணக்கெழுதுற கிராணி கொடுத்தா கூலி, அம்மா கொடுத்தா லஞ்சமா?

ஓய்வு வாத்தியார், 8.47
ரெண்டு பேரும் முதல்ல ஏடிஎச்டினா என்னனு தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க. துறுதுறுனு இருக்கிற பிள்ளைக்கெல்லாம் டாக்டர் அந்த பேரு வைக்க மாட்டாரு. கவனக்குறைவுலயோ அடங்காத துடிப்புலயோ குறைஞ்சது 6 அறிகுறி 6 மாசமாவது இருக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், வீடு பள்ளினு ஒரு இடத்துக்கு மேல தெரியணும்.

பழைய டிவிஷன், 8.49
வாத்தியாரே அதெல்லாம் இருக்கட்டும். 50 காசு லஞ்சமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

சிப்புட் அம்மா, 9.05
அந்த காலத்துல யாருக்கும் இல்லனு சொன்னீங்களே அண்ணே, 1902-லயே லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு குழந்தை டாக்டரு இந்த மாதிரி பிள்ளைங்கள பத்தி சொற்பொழிவு கொடுத்திருக்காரு, நம்ம தாத்தா பாட்டிங்க கப்பல் ஏறுன காலம் அது. தோட்டத்துலயும் இருந்தாங்க. ஒரு இடத்துல உக்காராத பையனுக்கு குரங்குனு பேரு வச்சாங்க, ரோத்தான் பிரம்பு உடையிற வரைக்கும் அடிச்சாங்க, ஆறாம் வகுப்பு முடிக்காம ஓடிப்போனான், அப்புறம் அவன பத்தி யாரும் பேசல. எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு, அவரோட ஒரு படம்கூட எங்க வீட்டுல இல்ல. ரஸ்ஸல் பார்க்லினு அமெரிக்க மனநல நிபுணர் ஒருத்தரு பல வருஷமா சொல்லிக்கிட்டு வராரு, இந்த பிள்ளைங்க தன்னை அடக்கி நடத்திக்கிறதுல தன் வயச விட கிட்டத்தட்ட 30 விழுக்காடு பின்னாடி இருப்பாங்கனு. அப்படினா என் 10 வயசு மகன்கிட்ட 7 வயசு பிள்ளைகிட்ட எதிர்பாக்கிறதத்தான் நான் எதிர்பாக்கணும். தட்டு கழுவத் தெரியாதுனு இல்ல. தெரிஞ்சத அந்த நேரத்துக்கு செய்யத்தான் வராது. அதுக்குத்தான் பக்கத்துல நிக்கிறேன், அதுக்குத்தான் 50 காசு.

பழைய டிவிஷன், 9.11
வெள்ளைக்காரன் சொன்னா வேதம். 7 வயசுலதான் நான் மங்கு துடைச்சேன், அதுவும் ஓசியில. சரி எவ்வளவு நாளைக்கு கொடுப்ப? கல்யாணம் ஆன பிறகும் பொண்டாட்டி 50 காசு போடணுமா?

சிப்புட் அம்மா, 9.16
ரெண்டு வாரத்துல காசு அவனுக்கு சலிச்சுப்போச்சு. இப்ப 4 தட்டுக்கு சைக்கிள்ல திடல ஒரு ரவுண்டு. அப்பப்ப மாத்திக்கிட்டேதான் இருக்கணும், ஒரே பரிசுல இவங்க மனசு நிக்காது.

பழைய டிவிஷன், 9.17
பாத்தியா, லஞ்சம் ஏறுது. நான் சொன்னேன்ல.

லயத்து மருமக, 9.22
அக்கா தப்பா நினைக்காதீங்க, மாத்திரை வேற கொடுக்கிறீங்களாமே, அப்ப எதுக்கு காசு? அப்புறம் மாற்றுத்திறனாளிக்கு கொடுக்கிற ஓகேயூ கார்டு எடுத்துட்டீங்கனு பசார் மாலாம் ராத்திரி சந்தையில பேசிக்கிறாங்க. நாளைக்கு பையனுக்கு பொண்ணு கேக்க போகும்போது என்ன சொல்வீங்க?

சிப்புட் அம்மா, 9.40
பசார் மாலாம்ல யாரு பேசுனாங்கனு எனக்கு தெரியும்மா. கார்டு எடுத்தேன்தான், மறைக்கல. பதியிறது அவங்கவங்க விருப்பம், டாக்டரு பாரத்துல எழுதி கொடுக்கணும், சமூகநல இலாகா ஜேகேஎம் பதிஞ்சு கொடுப்பாங்க, ஏடிஎச்டி கற்றல் பிரச்சனை பிரிவுல வருது. பொண்ணு கேக்க இன்னும் 15 வருஷம் இருக்கு, எனக்கு இன்னைக்கு ராத்திரிய தாண்டணும். மாத்திரைய பத்தி கேட்டீங்க, சொல்றேன். காலையில பள்ளிக்கு முன்னாடி போடுற மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் நிக்கும். டீச்சருக்கு நல்ல பிள்ளையா இருந்துட்டு அது எறங்குன பிறகு மதியம் வீட்டுக்கு வரான், மாத்திரையால காலையில அடங்கிப்போன பசி அப்பத்தான் வரும், அழுகை வரும், பள்ளி சட்டை ஒரு பக்கம் காலுறை ஒரு பக்கம். வீட்டு வேலை எல்லாம் அந்த நேரத்துலதான் இருக்கு. அதனாலதான் முதல்ல சோறு, அப்புறம் கொஞ்ச நேரம் ஓட்டம், அப்புறம்தான் தட்டு. மாத்திரைய காலையில பாக்கிறது டீச்சரு, மாத்திரை இல்லாதத மதியத்துல இருந்து பாக்கிறது நானு. வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல, மாசத்துக்கு ஒருக்கா வராரு. ரெண்டு வருஷமா நான் தனியா ஒரு பல் டாக்டர்கிட்டகூட போகல.

நைட் ஷிப்ட் அப்பா, 9.44
அக்கா சொல்றது சத்தியம். என் மகளுக்கும் அதேதான், மதியம் 2 மணிக்கு மேல வீடு போர்க்களம். தூங்குறதுக்கு எனக்கு அந்த நேரம்தான் இருக்கு.

பழைய டிவிஷன், 9.52
கஷ்டம் எல்லாருக்கும் இருக்கு. கண்டிப்பு இல்லாம வளத்தா என்ன ஆகும்னு கோயில் திருவிழாவுல பாத்தோமே. மோர் அண்டா கவுந்துச்சே, மறந்துட்டியா?

சிப்புட் அம்மா, 9.54
மறக்கல. அவ்வளவு சனத்துக்கு முன்னாடி என் பிள்ளை காத திருகி "சாமி குத்தம்"னு சொன்னதையும் மறக்கல.

பழைய டிவிஷன், 9.55
சாமி குத்தம்னு சொன்னது நான் இல்ல. என் வீட்டுக்காரி சொன்னது.

லயத்து மருமக, 9.57
பெரியம்மா சொல்லல மாமா, அவங்க அப்ப அர்ச்சனை தட்டு வாங்க போயிருந்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

பழைய டிவிஷன், 9.58
நீ சும்மா இரு.

ஓய்வு வாத்தியார், 10.03
அண்டாவ வழியில வச்சது கமிட்டி. நான் அன்னைக்கே ஓரமா வைங்கனு சொன்னேன், யாரும் கேக்கல.

நைட் ஷிப்ட் அப்பா, 10.05
போன கூட்டத்துல உங்கள கமிட்டியில இருந்து எடுத்தத இன்னும் விடல நீங்க வாத்தியாரே.

ஓய்வு வாத்தியார், 10.06
எடுக்கல. நானா விலகுனேன்.

சிப்புட் அம்மா, 10.20
அண்டாவுக்கு அன்னைக்கே 35 வெள்ளி கட்டிட்டேன், ரசீது வீட்டுல இருக்கு, வேணும்னா வந்து பாருங்க. இங்க ஒன்னு கேக்கிறேன். பிள்ளைக்கு எப்படி கண்டிப்பு காட்டணும்னு சொல்ல இத்தன பேரு இருக்கீங்க. சனிக்கிழமை மதியம் ரெண்டே ரெண்டு மணி நேரம் என் மகன யாராவது ஒருத்தரு வீட்டுல வச்சு பாத்துக்கிறீங்களா? நான் ஈப்போ போயி பல்ல காட்டிட்டு வந்துடுறேன். சோறு கட்டி கொடுத்து அனுப்புறேன். சைக்கிளும் கொடுத்து விடுறேன்.

பழைய டிவிஷன், 10.41
நான் கேட்டதுக்கு இன்னும் நேரா பதில் வரல. 50 காசு லஞ்சமா இல்லையா?

சிப்புட் அம்மா, 10.43
இல்ல. சனிக்கிழமைக்கு பதில் சொல்லுங்க.

பழைய டிவிஷன், 10.44
லஞ்சம்தான்.